பத்து ஆட்டம்

கப்பு கம்பெனியில் சினிமா போடப் போகிறார்கள் என்ற பேச்சு வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை சங்கு ஊதி உள்ளே வந்த பெண்களில் பாதிப் பேர் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். வீரம்மாள் பூவோடு நிற்காமல் மடியில் ஒரு படி வறுத்த மல்லாட்டைக் கடலையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னா படமாம் யக்கா?" என்றாள் காசியம்மாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்.

"பாட்டு இருந்தாச் சரி. சண்டை இருந்தா ரொம்பச் சரி. மேனேஜரு கைக்காசுல காட்டற படத்துல வேற என்னா கேக்க முடியும்?"

கொளஞ்சியம்மாள் கப்புகளை எடுத்துப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன படமாக இருக்கும் என்று அங்கே அவள் ஒருத்தி மட்டும் ஊகித்திருந்தாள். தை மாதம் மெட்ராஸிலிருந்து ஆதிநாராயணன் என்ற ஆபீசர் காமிராவோடு வந்து, வேலை எப்படி நடக்கிறது என்று படம் பிடித்துப் போயிருந்தார். பிடித்தது அவளைத்தான். "கை சுத்தமான ஆளா ஒருத்தரை நிறுத்துங்க" என்று அவர் கேட்டதும் மேனேஜர் ராஜாங்கம் யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்லிவிட்டார். அன்றைக்குத் துவைத்த புடவை கட்டியிருந்தோமே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். படத்தில் தன் மூக்கு எப்படி இருக்குமோ என்று ஒரு கவலை.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் அந்தக் கம்பெனி இருந்தது. நெய்வேலியிலிருந்து லாரியில் வெள்ளைக் களிமண் வரும். ஆண்கள் அதை அரைத்துக் கரைப்பார்கள், அச்சில் கப்பு எடுப்பார்கள், சூளையில் அடுக்குவார்கள். பெண்களுக்குக் காது ஒட்டுகிற வேலை. சுடாத பச்சைக் கப்பைத் திருப்பி, இரண்டு இடத்தில் ஊசியால் கீறி, வளைந்த காதின் இரண்டு நுனியையும் களிக்கூழில் தொட்டு, கீறிய இடத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, பிதுங்கி வந்ததை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கப்பு கோணும். குறைந்தால் சூளையில் காது கழன்று விழும். ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுநூறு கப்பு. அறுநூறு முடித்துவிட்டு எழுந்தால் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சோற்றுப்பருக்கை மாதிரி இருக்கும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் பேக்கிங் ஷெட்டில் உட்கார வைத்தார்கள். ஜன்னல்களில் சாக்கு தொங்கியது. சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. பக்கத்து ஊரான மங்களூரில் டூரிங் கொட்டாயில் மிஷின் ஓட்டுகிற தேவநாதனை ஒருநாள் கூலிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பங்குனி வெயிலில் தகரக்கூரை காய்ந்து கொதித்தது. தேவநாதன் பனியனோடு நின்று, கம்பெனி வாங்கி வைத்திருந்த சின்ன மிஷினில் ஃபிலிமைக் கோத்தான். வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கிர்ரென்று மிஷின் சத்தம் மட்டும்.

வேட்டியில் கொளஞ்சியம்மாள் வந்தாள்.

"அடியே, நம்ம கொளஞ்சிடி!"

"நடக்கறதப் பாரேன், மழையில நனைஞ்ச கோழியாட்டம்!"

"கையப் பாரு, கைய! ரசம் வெக்கறவ கொத்தமல்லி கிள்ளற மாதிரி!"

ஷெட்டே குலுங்கியது. மல்லாட்டைத் தொலி பறந்தது. கொளஞ்சியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படத்தில் அவள் கப்பை எடுத்தாள், கீறினாள், ஒட்டினாள், துடைத்தாள், வைத்தாள். வெடுக் வெடுக்கென்று எல்லாம் நடந்தது. வெற்றுப் பலகை கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பியிருந்தது. அவளுக்குப் பின்னால், ஷெட்டின் மூலையில், உயரமான இரும்புச் சட்டத்திலிருந்து புடவையில் கட்டிய ஏணை ஒன்று தொங்கியது. அதில் அவள் பிள்ளை மாணிக்கவேல் கிடந்தான். காசியம்மாள் அந்தப் பக்கமாகப் போகும்போது ஏணையை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனாள். அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது.

படம் முடிந்து சாக்கை விலக்கியபோது ராஜாங்கம் கையில் ஸ்டாப் வாட்சோடு எழுந்து நின்றார்.

"சிரிச்சாச்சா? இப்ப கேளுங்க. ஒரு கப்புக்கு இருபது செகண்டு. நான் நாலு தடவை பார்த்தேன். நிமிஷத்துக்கு மூணு. சாப்பாட்டு நேரம், அசதி எல்லாம் தாராளமாக் கழிச்சாலும் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு வருது. நீங்க குடுக்கறது அறுநூறு. பாதி நாள் தூங்கறீங்கன்னு அர்த்தம். சித்திரை ஒண்ணாந்தேதியிலேருந்து ஆயிரத்து இருநூறு. முடியாதவங்க வீட்டுல இருக்கலாம்."

"எப்பிடிங்க சார் முடியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படின்னு இப்பத்தானே பார்த்தீங்க? கொளஞ்சியால முடியுது. படம் பொய் சொல்லாது."

நாற்பது பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வீரம்மாள் மிச்ச மல்லாட்டையை மடியில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

"ஏண்டி, காமிராவைக் கண்டா அப்பிடியா பறப்ப? புள்ளக்காரி பொழைக்கட்டும்னு ஒன் பலகையையும் சேத்து எத்தன நாளு நான் தூக்குனன், அதுக்கா இது?"

"நான் அப்பிடி செய்யலக்கா."

"அப்ப அது யாரு, ஒன் அக்கா தங்கச்சியா?"

கொளஞ்சியம்மாள் வேட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டியில் இருந்தது அவள் புடவை, அவள் மூக்கு, அவள் கைதான்.

சாயங்காலம் ராஜாங்கம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சித்திரையிலிருந்து அவள் காது ஒட்டுகிற பகுதிக்கு மேஸ்திரியாம். உட்கார்ந்து வேலை வாங்கினால் போதும். சூளையில் கூலிக்குத் தீமூட்டம் போடுகிற அவள் புருஷன் பக்கிரியின் பெயரும் பர்மனெண்டு லிஸ்ட்டில் ஏறும். "ஆபீசர் வர்ற வியாழக்கிழமை வர்றார். அவர் முன்னால, என்னால முடியும்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான்."

பூதாமூரில் அவர்கள் வீடு. குனிந்து நுழைகிற கூரை வீடு. பக்கிரி செய்தியைக் கேட்டதும் கிணற்றடியிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தான்.

"பர்மனெண்டா? அவரே சொன்னாரா? ஏழு வருசமாச் சூளைப் பொகையத் தின்னுக்கிட்டு கெடக்கறன் கொளஞ்சி. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதுமா?"

"என்னா வார்த்தன்னு கேக்கலியே நீங்க."

"என்னாவா இருந்தா என்னா? படத்துல நீதான இருக்கற?"

"நான்தான் இருக்கறன். ஆனா அது என் வேகம் இல்ல."

"ஒன் வேகம் ஒனக்கு எப்பிடித் தெரியும்? ஓடறவனுக்கு அவன் ஓட்டம் தெரியுமா?"

அது அவளைத் தைத்தது. கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே அவள் தன் கையைப் பார்த்தாள். பக்கிரி சொல்வது சரியாக இருந்தால்? காமிராவைக் கண்ட கூச்சத்தில், நல்லபேர் எடுக்கிற ஆசையில், கை தன்னை அறியாமல் பறந்திருந்தால்? அப்படி ஒருநாள் பறந்த கை தினமும் பறக்காமல் போனதற்கு என்ன காரணம்? சோம்பலா? காசியம்மாளுடைய பிஞ்சு விரல் ஞாபகம் வந்தது. அவள் நானூற்றைம்பதைத் தாண்டவே தவிக்கிறாள். சித்திரை ஒன்றாந்தேதி முதல் ஆளாக வெளியே போவது அவள்தான்.

பிள்ளை சிணுங்கினான். விளக்கு வைக்கிற நேரம். அவனை ஏணையில் போட்டு ஆட்டினாள். கூரைச் சட்டம் தாழ்வு என்பதால் வீட்டு ஏணை குட்டை. விசுக் விசுக்கென்று ஆடும். கம்பெனி ஏணை அப்படி இல்லை. உயரத்திலிருந்து தொங்குவதால் நிதானமாகப் போய், நின்று, நிதானமாக வரும். அதில்தான் பிள்ளைக்குச் சீக்கிரம் தூக்கம் வரும். வீட்டில் அவனைத் தூங்க வைக்கத்தான் பாடுபட வேண்டும்.

ஆட்டிய கை நின்றது.

படத்தில் கம்பெனி ஏணை விசுக் விசுக்கென்று ஆடியது. இந்த வீட்டு ஏணை மாதிரி.

"ஏணையை வேகமாத் தள்ளுனா வேகமா ஆடுமாங்க?"

"இது என்னா கேள்வி? வேகமாத் தள்ளுனா வேகமாத்தான் ஆடும்."

"ஆடாது. வேகமாத் தள்ளுனா தூரமாப் போவும். தூரமாப் போயிட்டு வர அதே நேரந்தான் ஆவும். ரெண்டு புள்ளைய ஆட்டுன கை சொல்லுது." மூத்தவன் தங்கவில்லை. அவன் பெயரை அவள் எடுப்பதில்லை. "ஆளு அவசரப்படலாம். ஏணை அவசரப்படாது. படத்துல அது அவசரப்பட்டுச்சு."

பக்கிரி களித்தட்டை நகர்த்தி வைத்தான். "அத ஆபீசர்கிட்ட சொல்லப் போறியா? ஏணை சாட்சி சொல்லுதுன்னு? சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். ஒங்க வாட்ச நாளைக்கிக் குடுங்க."

அது கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். பக்கிரி அதைச் சூளைக்குக் கொண்டுபோவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு மட்டும் கட்டுவான். "வாட்செல்லாம் எதுக்கு?" என்று முணுமுணுத்தான். காலையில் அது அவள் தூக்குச்சட்டி மூடியின் மேல் இருந்தது.

சனிக்கிழமை சங்குக்கு முன்பே அவள் காது ஒட்டுகிற ஷெட்டில் இருந்தாள். பிள்ளையை ஏணையில் போட்டு ஒரு தள்ளு தள்ளிவிட்டு, வாட்சில் செகண்டு முள்ளைப் பார்த்தபடி எண்ணினாள். பத்து ஆட்டத்துக்கு இருபத்தெட்டு செகண்டு. மறுபடி பலமாகத் தள்ளி எண்ணினாள். இருபத்தெட்டு. லேசாகத் தள்ளினாள். இருபத்தெட்டுதான்.

உடனே சந்தேகம் வந்தது. தை மாதத்தில் பிள்ளை இவ்வளவு கனம் இல்லையே? அவனைத் தூக்கி, அப்போதுதான் வந்து சேர்ந்த காசியம்மாளிடம் கொடுத்துவிட்டு அரை மூட்டை களிமண்ணை வைத்து ஆட்டினாள். பிறகு கால் மூட்டை. மாறவில்லை. அடுத்த சந்தேகம்: அன்றைக்கு ஏணையைக் குட்டையாகக் கட்டியிருந்தால்? படத்தில் ஏணையின் அடி, பலகை அடுக்கும் ரேக்கின் இரண்டாவது தட்டுக்கு நேராக இருந்தது. அது நன்றாக நினைவிருந்தது. இப்போதும் இரண்டாவது தட்டுக்கு நேர்தான். சட்டத்திலிருந்து அடிவரை கையால் அளந்தாள். ஐந்து முழம்.

"என்னாடி, மண்ணுக்குத் தாலாட்டா?" பின்னால் வீரம்மாள் நின்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

கொளஞ்சியம்மாள் சொன்னாள். வீரம்மாள் கேட்டாள். நம்பின மாதிரித் தெரியவில்லை. வாட்சை வாங்கிக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தாள். பிறகு தானே ஏணையைத் தள்ளி எண்ணினாள். ஐந்து பிள்ளை பெற்றவள். பத்தாவது ஆட்டத்தில் அவள் முகம் மாறியது.

"படத்துல எவ்ளோ ஆச்சுன்னு பாத்தியா?"

"இல்லக்கா. மனசுலதான் இருக்குது. வூட்டு ஏணை அளவுக்கு இருந்துச்சு. காலையில எண்ணிப் பாத்தன், வூட்டு ஏணைக்குப் பத்தொம்பது வருது. தப்பாவும் இருக்கலாம்."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா எல்லாரு முன்னாலயும் கேவலப்பட்டுட்டுப் போறன். சரியா இருந்துட்டு சொல்லாம வுட்டா?"

வீரம்மாள் வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். "வியாழக்கெழமை எனக்கு முன்னால ஒக்காரு. நான் எண்ணறன். நீ முள்ளப் பாரு."

வியாழக்கிழமை ஆதிநாராயணன் வந்தார். முழுக்கைச் சட்டையும் பைக்குள் இரண்டு பேனாவுமாக, வெயிலில் முகம் சிவந்து, மரியாதையாகப் பேசுகிற மனிதர். மத்தியானம் அதே ஷெட், அதே சாக்கு, அதே தேவநாதன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய புடவையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள். வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, புடவையை மேலே சட்டத்தில் வீசி, முடிச்சுப் போட்டு, ஐந்து முழம் அளந்து பார்த்துப் பிள்ளையை உள்ளே போட்டாள்.

ராஜாங்கம் பதறிப்போனார். "ஏய், என்ன பண்றே?"

"ஏணை கட்டறன் சார். புள்ள தூங்கணும்ல."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. ஆபீசர் முன்னால் சத்தம் போட முடியாமல் ராஜாங்கம் பல்லைக் கடித்தார். "படத்தைப் போடுப்பா."

மிஷின் ஓடியது. கோழி நடை, கொத்தமல்லி கை. ஏணை வருகிற துண்டு வந்தது. காசியம்மாள் தள்ளிவிட்டுப் போனாள்.

"ஒண்ணு" என்றாள் வீரம்மாள், இருட்டில். "ரெண்டு."

மூன்றாவதில் இன்னும் நாலு குரல் சேர்ந்தது. வேட்டியிலிருந்து வந்த வெளிச்சத்தில் கொளஞ்சியம்மாள் முள்ளைப் பார்த்தாள். ஏழாவதில் ஷெட் முழுவதும் எண்ணியது. "பத்து!"

"சார்" என்று எழுந்தாள் கொளஞ்சியம்மாள். வாட்சை உயர்த்திக் காட்டினாள். "படத்துல இருக்கற ஏணை பத்து ஆட்டம் ஆட பத்தொம்பது செகண்டு ஆச்சு. இதோ தொங்கறதும் அதே ஏணை, அதே புடவ, அதே அஞ்சு முழம். இத நீங்க ஆட்டிப் பாருங்க. என் வாட்சு வாண்டாம், ஒங்க கடியாரத்துலயே பாருங்க."

"கொளஞ்சி, உக்காரு!" என்றார் ராஜாங்கம்.

"ஒக்காந்துதான சார் இருந்தன் இத்தன நாளா?"

ஆதிநாராயணன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்து வந்தார். ஏணையை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். காசியம்மாள் வந்து தள்ளிவிட்டாள். அவர் ஸ்டாப் வாட்சை அழுத்தினார். நாற்பது பேரும் எண்ணினார்கள். பத்து ஆனதும் அழுத்திப் பார்த்தார்.

"இருபத்தெட்டு" என்றார், தனக்குத்தானே. அப்புறம் விறுவிறுவென்று மிஷினிடம் போனார். "ஏம்ப்பா, எந்த ஸ்பீடுல ஓட்டறே?"

"எப்பவும் வெக்கறதுதான் சார். கொட்டாயில பேசற படம் ஓட்டற ஸ்பீடு. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"இது ஊமைப் படம்பா! ஃபிலிம் மிச்சமாகட்டும்னு செகண்டுக்குப் பதினாறு படம்தான் எடுத்தேன். நீ செகண்டுக்கு இருபத்துநாலு ஓட்டியிருக்கே. இதோ இந்தச் சுவிட்சைத் தள்ளணும்." ராஜாங்கம் பக்கம் திரும்பினார். "போன வாரமும் இப்படித்தான் ஓடிச்சா? இதை வெச்சா டைம் எடுத்தீங்க?"

ராஜாங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அதாவது" என்றாள் வீரம்மாள் சாவகாசமாக, "அரை மணி வேலைய இருவது நிமிசத்துல காட்டிட்டு, எங்களத் தூங்கறம்னு சொல்லியிருக்கறீங்க."

"தள்ளுங்கண்ணே அந்தச் சுவிட்ச" என்றாள் கொளஞ்சியம்மாள்.

தேவநாதன் ஆபீசரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். படம் மறுபடி ஓடியது. மிஷின் சத்தமே தணிந்திருந்தது. வேட்டியில் ஒருத்தி பலகையை இடுப்பில் தாங்கி மெல்ல நடந்து வந்தாள். கப்பைத் திருப்பினாள். கீறினாள். காதை வைத்து அழுத்தும்போது அவள் கீழுதடு பல்லில் சிக்கியது. யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சியம்மாள் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் கைதான். பறக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. பின்னால் ஏணை போய், நின்று, வந்தது. வேட்டிக்குப் பக்கத்திலிருந்த நிஜ ஏணையை யாரோ தள்ளிவிட்டார்கள். இரண்டும் ஒன்றாக ஆடின.

விளக்கைப் போட்டதும் ராஜாங்கம் தொண்டையைக் கனைத்தார். "சரி. தப்பு நடந்துபோச்சு. கப்புக்கு முப்பது செகண்டு. அப்பக்கூட ஆயிரத்து இருநூறுக்குப் பதிலா எண்ணூறு வருது. எண்ணூறுன்னு வெச்சுக்கலாம்."

"எண்ணூறு பரவால்லடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். கொளஞ்சியம்மாளுக்கும் கால் வலித்தது. உட்காரலாம் போலிருந்தது.

"இன்னும் ஒண்ணு சார்" என்றாள். "படத்துல என் பலகை காலியா இருக்குது. அடுத்தாப்புல நெறஞ்சி இருக்குது. நடுவுல நான் ஸ்டோருக்குப் போயி பலகை தூக்கியாந்தன். அது எங்க?"

ஆதிநாராயணன் சங்கடப்பட்டார். "அதெல்லாம் வெட்டிட்டேன்மா. அது வேலை இல்லை, நடை."

"கப்பு தானா நடந்து வருமா சார்?"

"இல்லை, இது காது ஒட்டுற வேலையை மட்டும்..."

"கூழு காஞ்சி போச்சுன்னு தண்ணி ஊத்திக் கரைச்சன். அது?"

அவர் ஸ்டாப் வாட்சைக் கையில் திருப்பினார்.

"கோணலாப் போனத ஒடைச்சித் தொட்டியில போட்டன். பஞ்ச அலசுனன். புள்ளைக்குப் பாலு குடுத்தன், நீங்களே மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னீங்க. அதெல்லாம் வெட்டிட்டு மிச்சத்த ஒட்டுனா நான் மனுசி இல்ல சார், மிஷினு. வெட்டுனத எல்லாம் திருப்பி ஒட்டிக் காட்டுங்க. அப்ப எவ்ளோ வருதுன்னு நாங்க எண்ணறம். எங்களுக்கு எண்ணத் தெரியும்."

"எண்ணத் தெரியும்!" என்றாள் காசியம்மாள். பேசிவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆதிநாராயணன் ஸ்டாப் வாட்சைப் பைக்குள் போட்டார். "மிஸ்டர் ராஜாங்கம், இந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட முடியாது. வெட்டின துண்டெல்லாம் மெட்ராஸ்ல இருக்கு. பார்த்துட்டு எழுதறேன். அதுவரைக்கும் பழைய அளவே இருக்கட்டும்."

ஒரு கூச்சல் எழும்பி அடங்கியது. ராஜாங்கம் அது முழுக்க அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு ஏணையைக் காட்டினார்.

"அறுநூறே இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன். வேலை செய்யிற இடத்துல குழந்தை கூடாதுன்னு ரூல் இருக்கு. பாவம்னு இத்தனை நாள் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். நாளையிலேருந்து இங்க எந்த ஷெட்டுலயும் ஏணையைப் பார்த்தேன்னா கட்டினவளும் வெளியே, அவ புருஷனும் வெளியே."

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும்போது மணிமுத்தாற்று மணலில் காற்று சுட்டது. பக்கிரிக்கு எல்லாம் சூளையிலேயே தெரிந்திருந்தது. வாட்சைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

"பர்மனெண்டு போச்சு" என்றான்.

"போச்சு."

"புள்ளைய எங்க வுடுவ?"

"எங்கயும் வுட மாட்டன். நாளைக்கிம் கட்டத்தான் போறன்."

பக்கிரி பெட்டியை மூடினான். பிறகு சிரித்தான். "சூளைக்கு வந்து கூவுனானுங்க. ஒம் பொண்டாட்டி மெட்ராஸ்காரனை ஏணை ஆட்ட வுட்டுட்டாடான்னு. நெசமா?"

"அவருக்கு ஆட்டத் தெரியல."

மறுநாள் சங்கு ஊதியபோது ஷெட்டில் ஏணை கட்டுகிற மூலைக்கு முன்னால் ராஜாங்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியம்மாள் பிள்ளையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கிரி, கையெல்லாம் சூளைக்கரியோடு. அவன் மேனேஜரைச் சுற்றிக்கொண்டு போய், புடவையைச் சட்டத்தின் மேல் வீசி, மூட்டை கட்டுகிற முடிச்சாகப் போட்டு, தொங்கிப் பார்த்து, "தாங்கும்" என்றான். வெளுத்துப்போன புடவையில் அவன் ஐந்து விரல் கரியும் பதிந்தது.

"பக்கிரி, தெரிஞ்சுதான் செய்யறியா?"

"தெரிஞ்சுதான் சார். அஞ்சு முழம்."

ராஜாங்கம் வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த சட்டத்தில் ஒரு புடவை விழுந்தது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீரம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் இன்னொருத்தி. கதவுப் பக்கம் இன்னொன்று. இத்தனை நாள் பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள். ஏழு ஏணைகள். பிள்ளை இல்லாத காசியம்மாள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே போனாள். ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், நின்று, வந்தன.

வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றான். யார் பிள்ளையை முதலில் தூக்குவது என்று தெரியாமல் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கைக்கடியாரத்தைப் பார்த்தார். வெளியே சூளைக்குக் கப்பு கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

கொளஞ்சியம்மாள் உட்கார்ந்து முதல் கப்பைத் திருப்பினாள். இரண்டு இடத்தில் கீறினாள்.

"சார்" என்றாள் வீரம்மாள், களிக்கூழைக் கரைத்துக்கொண்டே. "மெட்ராஸ்காரருக்கு ஒரு கார்டு போடுங்க. வந்து படம் புடிக்கறதுன்னா இப்பப் புடிக்கச் சொல்லுங்க. வெட்டாம புடிக்கணும், ஆமா."